ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக நினைக்கும் ஃப்ரீலான்சருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வருடத்துக்கு என்று கையெழுத்திட்ட வேலையை ஐந்தாவது மாதத்திலேயே விட வேண்டிய நிலை வந்தால், பலரும் முதலில் செய்வது கிளையன்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதுதான். உண்மையில் கிளையன்டிடம் சொல்வதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. எந்த வரிசையில் விலகுகிறோம் என்பதைப் பொறுத்தே கடைசி இரண்டு இன்வாய்ஸ்களுக்கான பணம் கைக்கு வருமா, இழுபறியாகுமா என்பது முடிவாகிறது. இந்தியாவில் சம்பளப் பட்டியலில் இல்லாமல், இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், மென்பொருள் ஆலோசகர்கள் போன்றோரில், முதன்முறையாக ஓர் ஒப்பந்தத்தைப் பாதியில் முடிக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: நீங்கள் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நிறுவன ஊழியர்கள் "பேப்பர் போட்டுவிட்டேன்" என்று சொல்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு, விலகல் என்றாலே ராஜினாமாக் கடிதம்தான் நினைவுக்கு வரும். தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர் ராஜினாமா செய்வதில்லை. இரு தரப்புக்கும் இடையிலான ஒரு வணிக ஒப்பந்தத்தை முடிக்கிறார். ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே தொழிலாளர் சட்டங்கள் நிற்கின்றன. உங்களுக்கும் கிளையன்டுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்திட்ட தாளும் மட்டுமே. ஆகவே கடிதத்தில் "ராஜினாமா", "ரிலீவிங் தேதி", "கடைசிச் சம்பளம்" போன்ற சொற்களை எழுதாதீர்கள்.

பெயரளவில் கன்சல்டன்டாக இருந்துகொண்டு, காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு, விடுப்புக்கு அனுமதி, நிறுவனத்தின் மடிக்கணினி, வேறு கிளையன்ட் வைத்துக்கொள்ளத் தடை என்று ஊழியரைப் போலவே நடத்தப்படுகிறவர்களும் உண்டு. அப்படியானால் தாளில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து நீதிமன்றம் முடிவுசெய்யாது; வேலையின் மீதான கட்டுப்பாடும் மேற்பார்வையும் யாரிடம் இருந்தன என்பதையும் பார்க்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் எந்த அறிவிப்பையும் அனுப்பும் முன் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைச் சந்திப்பது நல்லது. இனி வரும் படிகள் உண்மையாகவே தனித்து இயங்குபவர்களுக்கானவை.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தைப் பென்சிலோடு படியுங்கள்

கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். இப்போது முழுவதையும் படியுங்கள். ஒப்பந்தக் காலம், முடிவுக்குக் கொண்டுவருதல், அறிவிப்பு அனுப்பும் முறை, பணம் தரும் காலக்கெடு, படைப்பின் உரிமை, ரகசியம் காத்தல், போட்டித் தடை, நஷ்டஈடு, தகராறு தீர்க்கும் முறை ஆகிய ஒன்பது இடங்களில் கோடிடுங்கள். பிற்சேர்க்கையாக வந்த பணி உத்தரவுகளையும், பிறகு மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட மாற்றங்களையும் சேர்த்தே படியுங்கள். பல ஒப்பந்தங்களில் முதன்மைத் தாளில் 30 நாள் என்றும் பணி உத்தரவில் 60 நாள் என்றும் இருக்கும். முரண்பட்டால் எது செல்லும் என்பதற்குத் தனியாக ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

முடிவுக்குக் கொண்டுவரும் பிரிவில் யாருடைய பெயர் எழுவாயாக இருக்கிறது என்று பாருங்கள். "இரு தரப்பில் எவரும் 30 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு தந்து முடித்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் உங்கள் வேலை எளிது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "நிறுவனம் 15 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதி உங்களைப் பற்றி வாய் திறக்காமல் விட்டிருந்தால், அந்த உரிமை உங்களுக்கும் தானாக வந்துவிடாது. காலம் குறிப்பிட்ட ஒப்பந்தத்தில் உங்களுக்கு விலகும் வழி தரப்படவில்லை என்றால் மூன்று வாசல்களே உண்டு: கிளையன்டின் சம்மதம், கிளையன்ட் செய்த மீறல், அல்லது நீங்களே மீறிவிட்டு அதற்கான விலையைக் கொடுப்பது. காலமே குறிப்பிடாத தொடர் ஒப்பந்தமாக இருந்தால், நியாயமான அவகாசம் தந்து முடிப்பது பொதுவாக ஏற்கப்படும் முறை.

மூன்றாம் படி: மீறினால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்

புதியவர்களை அச்சுறுத்தும் கேள்வி, "கோர்ட்டுக்குப் போய் என்னை வேலை செய்ய வைத்துவிடுவார்களா?" என்பது. மாட்டார்கள். ஒருவரின் தனிப்பட்ட தகுதியையும் திறமையையும் நம்பிய ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி உத்தரவிட முடியாது என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் (Specific Relief Act) 14ஆம் பிரிவு சொல்கிறது. எஞ்சுவது பணப் பிரச்சினை மட்டுமே. அதுவும் சிறியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, மீறலால் இயல்பாக விளைந்த இழப்பை, அல்லது ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பைக் கேட்கலாம். தொலைதூர, மறைமுக இழப்பைக் கேட்க முடியாது. இழப்பைக் குறைக்கக் கிளையன்டுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் அந்தப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒப்பந்தத்திலேயே "பாதியில் விலகினால் 2 லட்சம் ரூபாய்" என்று தொகை எழுதியிருந்தால் 74ஆம் பிரிவு வருகிறது: எழுதிய தொகை உச்சவரம்பு; அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடே கிடைக்கும். கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், இழப்பே ஏற்படாத இடத்தில் இந்தப் பிரிவை வைத்துப் பணம் பிடிக்க முடியாது என்று விளக்கியது. அதை நம்பி அந்த வரியை அலட்சியப்படுத்திவிடவும் கூடாது. மூன்று ஆண்டுக்குள் விலகும் அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி ஊழியரின் வழக்கு, நம் நிலைமை வேறு. ஆனாலும் ஆள் மாற்றுவதற்கு ஆகும் உண்மையான செலவை நீதிமன்றங்கள் பொருட்படுத்துகின்றன என்பது அதிலிருந்து தெரிகிறது.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று: 2018இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீங்கள் விட்டுச்சென்ற வேலையைக் கிளையன்ட் வேறொருவரிடம் கொடுத்து முடித்து, அதற்கான செலவை உங்களிடம் வசூலிக்க முடியும். ஆனால் அதற்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். ஆகவே வேலையை எவ்வளவு சுத்தமான நிலையில் ஒப்படைக்கிறீர்களோ, அவ்வளவு குறைவாகவே இந்தச் செலவும் ஆகும். இதை மனத்தில் வைத்து, மாற்று ஆள் தேட ஆகும் நாள், அவருக்குக் கூடுதலாகத் தர வேண்டிய கட்டணம், திருப்பித் தர வேண்டிய முன்பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்களுக்குப் பெரியது என்று தோன்றினால், வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான்.

நான்காம் படி: முதலில் மீறியது யார்?

விலக நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே ஒரு மனக்குறை இருக்கிறது. பணம் தாமதமாகிறது, சொன்ன வேலைக்கு மேல் வேலை வருகிறது, தர வேண்டிய தகவல்களைத் தருவதில்லை. இவை வெறும் மனக்குறையா, சட்டப்படி மீறலா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தரப்பு தன் கடமையை முழுமையாக நிறைவேற்ற மறுத்தால் மறு தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. ஒரு மாதப் பணம் பத்து நாள் தள்ளி வந்ததை வைத்து அந்தப் பிரிவின் கீழ் ஒதுங்க முடியாது. மூன்று இன்வாய்ஸ்கள் காலம் கடந்து நிற்கின்றன, மூன்று முறை எழுதியும் பதில் இல்லை என்றால் நிலைமை வேறு. அப்போதும் நேராக முடித்துவிடாமல், "இன்ன தேதிக்குள் இந்தத் தொகை வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன்" என்று ஒரு கெடு வைத்து எழுதிவிட்டு, அந்தத் தேதி கடந்த பிறகு முடிப்பதே பாதுகாப்பு. பல ஒப்பந்தங்கள் மீறலைச் சரிசெய்ய 15 அல்லது 30 நாள் தர வேண்டும் என்று தாமாகவே சொல்கின்றன.

ஐந்தாம் படி: அறிவிப்புக்கு முன் இன்வாய்ஸ்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். விலகுவதாக நீங்கள் சொன்ன மறு நிமிடத்திலிருந்து உங்கள் வேலையின் மதிப்பு கிளையன்டின் கண்ணில் குறையத் தொடங்கும். நேற்று வரை ஏற்கப்பட்ட வேலையில் இன்று குறைகள் தெரியும். எனவே முடித்த வேலைக்கெல்லாம் இன்வாய்ஸ் அனுப்பி, முடிந்தால் "ஏற்கப்பட்டது" என்ற பதிலையும் மின்னஞ்சலில் வாங்கிய பிறகே விலகும் பேச்சை எடுங்கள். அரைகுறையாக நிற்கும் மைல்ஸ்டோன் (முடித்ததும் பணம் கேட்கக்கூடிய ஒரு கட்டம்) இரண்டு வாரத்தில் முடியும் என்றால், முடித்து, பில் போட்டுவிட்டுப் பேசுவது நல்லது.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாதவர்கள் இதற்கெல்லாம் முன்பே அதைச் செய்திருப்பது நல்லது. ஆதார், பான் எண்களோடு இணையத்தில் இலவசமாகப் பதியலாம். தனியாளாகச் சேவை தருபவரும் குறுந்தொழில் என்ற வகையில் சேரலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட காலத்துக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெற முடியாது என்ற விதியும் சேர்ந்திருப்பதால், கிளையன்டின் கணக்குப் பிரிவு நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் உங்கள் தொலைபேசி அழைப்பை எடுத்துப் பேசும்.

ஆறாம் படி: பேசி முடிக்க முடியுமா என்று பாருங்கள்

இதுவரை செய்தவை எல்லாம் இந்தப் பேச்சுக்கான தயாரிப்பு. தொலைபேசியில் அல்லது நேரில், உங்களை வேலைக்கு எடுத்தவரிடமே முதலில் சொல்லுங்கள். அவருடைய மேலதிகாரி வழியாக அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அவருடைய பிரச்சினையைப் பேசுங்கள். "மேடம், ஜூலைக்கு மேல் என்னால் தொடர முடியாது. மூன்றாவது தொகுதியை முடித்துத் தருகிறேன், புதிதாக வருபவருக்கு நான்கு நாள் சொல்லியும் தருகிறேன்" என்று தொடங்கும் பேச்சு, புகார்ப் பட்டியலோடு தொடங்கும் பேச்சை விட வேகமாக முடியும்.

அவர் சம்மதித்தால் அதைச் சம்மதமாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, இரு தரப்பும் சேர்ந்து பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ மாற்றவோ இடம் தருகிறது. கடைசித் தேதி, அதற்குள் ஒப்படைக்க வேண்டியவை, தர வேண்டிய தொகையும் தேதியும், இதற்கு மேல் ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வரி ஆகியவை கொண்ட ஒரு பக்கமே போதும். நீங்கள் ஒருதலையாக முடித்ததாக வரும் கடிதத்தைவிட, இரு கையெழுத்து உள்ள இந்த ஒற்றைத் தாள் பத்து மடங்கு மேல் என்பது என் அனுபவம். கோரிக்கை இல்லை என்ற வரி மட்டும், பணம் உங்கள் கணக்குக்கு வந்த பிறகே நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏழாம் படி: அறிவிப்பு

சம்மதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுத்தில் அறிவிப்பு வேண்டும். நான் கற்றுக்கொண்டதும் இங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பயனர் கையேடுகளை எழுதித் தரும் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவுசெய்து, அதன் மேலாளருக்கு "இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் சார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் கட்டைவிரலை உயர்த்தினார். 30 நாள் கழித்து நான் அனுப்பிய கடைசி இன்வாய்ஸுக்கு, அறிவிப்பே வரவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தத்தின் 14ஆம் பத்தியைத் திறந்து பார்த்தால், அறிவிப்பு முதல் பக்கத்தில் குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு வந்தால் மட்டுமே செல்லும் என்று இருந்தது. அந்த முகவரிக்கு நான் ஒரு நாளும் எழுதியதில்லை. மறுபடி அனுப்பி, மறுபடி 30 நாள் வேலை செய்தேன்.

ஆகவே ஒப்பந்தம் சொல்லும் வழியிலேயே அனுப்புங்கள். கூடுதலாக வேறு வழிகளிலும் அனுப்பலாம். தாள் வடிவில் அனுப்ப வேண்டியிருந்தால், 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதை நினைவில் கொண்டு, அஞ்சலகத்தில் ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலைக் கேளுங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

"2025 பிப்ரவரி 3 தேதியிட்ட நம் சேவை ஒப்பந்தத்தின் 11ஆம் பத்தியின்படி, ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர 30 நாள் அறிவிப்பை இதன்மூலம் தருகிறேன். ஒப்பந்தம் 2025 ஜூலை 10 அன்று முடிவடையும். அதுவரை மூன்றாம் தொகுதிப் பணிகளைத் தொடர்வேன். ஒப்படைப்புப் பட்டியலை ஜூலை 1க்குள் அனுப்புகிறேன். இதுவரை நிலுவையிலுள்ள இன்வாய்ஸ்களின் விவரம் கீழே உள்ளது."

இதில் கோபமோ மன்னிப்போ இல்லை என்பதைக் கவனியுங்கள். நாள் கணக்கில், அறிவிப்பு கிடைத்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது வழக்கம்: ஜூன் 10 அன்று கிடைத்தால் ஜூன் 11 முதல் நாள், ஜூலை 10 முப்பதாம் நாள். "வேலை நாட்கள்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

எட்டாம் படி: ஒப்படைப்பு

அறிவிப்புக் காலத்தில் வேலையின் தரத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். கோப்புகள், கடவுச்சொற்கள், பாதியில் நிற்கும் வேலைகள், உங்களிடமுள்ள நிறுவனப் பொருட்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கில் வேலை செய்திருந்தால், அறிவிப்பு அனுப்பிய அன்று மாலையே அது மூடப்படலாம். எனவே இன்வாய்ஸ், ஒப்புதல், பணம் தொடர்பான கடிதங்களின் படிகளை, ரகசியக் காப்பு விதி அனுமதிக்கும் அளவுக்கு, முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

பணம் வராத வேலையின் மூலக் கோப்புகளைத் தராமல் வைத்திருக்கலாமா என்ற கேள்வி வரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் பணியில் எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளி. தனித்து இயங்குபவர் எழுதியதன் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் மட்டும் விதி வேறு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும்; காலம் குறிப்பிடாத மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டுமே என்கிறது 19ஆம் பிரிவு. உங்கள் ஒப்பந்தத்தில் "பணம் தந்ததும் உரிமை மாறும்" என்று இருந்தால் நீங்கள் வலுவான நிலையில் இருக்கிறீர்கள். "உருவான கணத்திலேயே நிறுவனத்துக்குச் சொந்தம்" என்று இருந்தால் கோப்புகளைப் பிடித்துவைப்பது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

ஒன்பதாம் படி: கடைசிக் கணக்கு

மாதக் கட்டணம் 80,000 ரூபாய், ஒப்பந்தம் ஜூலை 10இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 31 நாளில் 10 நாளுக்கான பங்கு 25,806 ரூபாய். இதில் 10 சதவீத டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் 2,581 போக 23,225 ரூபாய் வர வேண்டும். சில தொழில்நுட்பச் சேவைகளுக்குப் பிடித்தம் 2 சதவீதம் என்பதால் முந்தைய இன்வாய்ஸ்களில் எப்படிப் பிடித்தார்கள் என்று பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் 18 சதவீதத்தைத் தனியே சேர்க்க வேண்டும். வாங்கிய முன்பணத்தில் எந்த வேலைக்கும் ஈடாகாத மிச்சம் இருந்தால், கேட்கும் முன்பே கழித்துக் காட்டுங்கள். நஷ்டஈடு என்று கிளையன்ட் ஒரு தொகையைப் பிடித்து அதன் மேல் ஜிஎஸ்டியும் கேட்டால், மீறலுக்கான வெறும் இழப்பீடு வரிக்குரிய சேவை இல்லை என்று விளக்கிய 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கையைக் கணக்குப் பிரிவுக்கு நினைவூட்டலாம்.

பணம் வந்த பிறகு, பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். பிடித்த டிடிஎஸ் உங்கள் பான் எண்ணின் கீழ் வருமான வரித் தளத்தில் ஏறியிருக்கிறதா என்பதை அடுத்த காலாண்டில் பாருங்கள். உறவு முடிந்த கிளையன்டுகள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

பத்தாம் படி: அதற்குப் பிறகு

"விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது" என்ற வரியைப் பார்த்துப் பலர் அடுத்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு, தடுக்கும் அந்த அளவுக்குச் சட்டப்படி செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்த நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டுப்படுத்தும் நிபந்தனை செல்லாது என்றது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது உள்ள தடை வேறு வகை. அதை நீதிமன்றம் தடையாணை மூலம் அமல்படுத்த முடியும். அறிவிப்புக் காலமும் நடப்புக் காலமே என்பதால், அப்படியொரு தடை இருந்தால், நம் எடுத்துக்காட்டின்படி புதிய கிளையன்டின் வேலையை ஜூலை 11க்கு முன் தொடங்காதீர்கள். ரகசியம் காக்கும் கடமை பிறகும் தொடரும்.

பணம் வராவிட்டால், உத்யம் பதிவு உள்ளவர்கள் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம்; தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இவை உள்ளன. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு முறை இருந்தால் அதன்படியும், இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீசுக்குப் பிறகு உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கும். பணம் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். அது ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து மொத்தமாக ஓடுவதில்லை. ஒவ்வோர் இன்வாய்ஸுக்கும் அதனதன் தொகை தர வேண்டிய நாளிலிருந்து தனித்தனியே ஓடும். அந்த அவகாசத்துக்குள் கிளையன்ட் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்கு எழுத்தில் சான்று இருந்தாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும். அதனால் "அடுத்த மாதம் தந்துவிடுகிறோம்" என்று வரும் சலிப்பூட்டும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.